உச்சந்தலையில் ஒரு ஊசி

பத்தாவது ஊசியை உச்சந்தலையில் ஏற்றப்போன நேரம் பார்த்து அண்ணன் இருமினான். அவள் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் ஒரு சுற்று வந்து, போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் வந்தது. கட்டில் கிரீச்சிட்டது. மணிக்கட்டில், முழங்கை மடிப்பில், முழங்காலுக்குக் கீழே, பாதத்தில் என்று ஜோடி ஜோடியாக ஏற்றியிருந்த எட்டும், புருவ மத்தியில் ஒற்றையாக நின்ற ஒன்றும், பேசி வைத்ததுபோல ஒன்றாக நடுங்கி அடங்கின.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்டர்வெல்," என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "நீ குத்து."

சுருட்டை முடியை விலக்கி, உச்சியில் குழிவான இடத்தை விரலால் தேடிப் பிடித்து ஏற்றினாள். அண்ணனின் தலை அவளுக்கு உள்ளங்கை மாதிரி. அக்குபங்சர் படித்த இரண்டு வருஷமும் அவள் பழகியது இந்தத் தலையிலும், இந்தக் கால்களிலும்தான். அவன் கடையில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருப்பான். இவள் கீழே மணை போட்டு உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, புத்தகத்தைப் பார்ப்பதும் குத்துவதுமாக இருப்பாள். தப்பான இடத்தில் குத்தினால் அவன் "ஆ" என்றுகூடச் சொல்ல மாட்டான். ராவுகிற சத்தம் மட்டும் ஒரு நொடி நிற்கும். அதை வைத்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

மேட்டுத் தெருவின் உச்சியில் அண்ணனின் பூட்டுக் கடை. ஒரு ஆள் உள்ளே நின்றால் அடுத்த ஆள் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் கடை. தெருவின் அடிவாரத்தில் தங்கையின் கிளினிக். கீழே திரை போட்டுப் பிரித்த மூன்று கட்டில், மூலிகை டப்பாக்கள் அடுக்கிய ஒரு அறை. மாடியில் யோகா டீச்சரின் கூடம். இலை உதிர ஆரம்பித்துவிட்டால் தங்கைக்கும் டீச்சருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது, ஊராரை மூச்சு விட வைப்பதுதான் வேலை என்றாலும். காற்று காய்ந்து, காலையில் குளிரும் மதியத்தில் வெயிலுமாகப் பருவம் தடுமாறுகிற இந்த ஆறு வாரமும் நுரையீரலுக்கு உரியது என்பது அவள் படித்த வைத்தியத்தின் கணக்கு. அதனால் வாரம் இரண்டு நாள் ஊசி, காலையில் மாடியில் மூச்சுப் பயிற்சி, வீட்டுக்கு அதிமதுரமும் இஞ்சியும் போட்ட கஷாயப் பொட்டலம் என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டி, வருஷா வருஷம் நோட்டீஸ் அடிப்பார்கள். நோட்டீஸின் தலைப்பில் "இலையுதிர் காலத்தை இருமாமல் கடப்போம்" என்று இருக்கும். வாசகம் அண்ணனுடையது. அதை அவன் தன் கடை ஷட்டரில் நான்கு மூலையிலும் ஒட்டி, நடுவிலும் ஒன்று ஒட்டியிருந்தான். சாவி போட வருகிறவன் மூக்கை உறிஞ்சினால் போதும், சாவியோடு ஒரு நோட்டீஸும் கைக்குப் போய்விடும்.

அவன்தான் இப்போது ஏழு வாரமாக இருமிக்கொண்டிருந்தான்.

காலையில் அண்ணி போன் செய்திருந்தாள். அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறவள். வண்டியைக் கிளப்பிச் சூடாக்குகிற ஐந்து நிமிஷம்தான் அவளுக்கு ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாவற்றுக்குமான நேரம். இன்றைக்குக் கதை எதுவும் பேசவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். அவர் படுத்துத் தூங்கிப் பத்து நாளாகிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், கேட்டால் முதுகு வலி என்கிறார். ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தாலே, பாப்பா பார்த்துக்கொள்வாள் என்று எழுந்து போய்விடுகிறார்.

"நான் சொல்லி அலுத்துட்டேன். உன் பேச்சு ஒண்ணுதான் அந்த மனுஷன் காதுல ஏறும். நீ சொன்னா இன்னிக்கே போவாரு."

"சொல்றேன் அண்ணி."

"போன வாரமும் இதையேதான் சொன்னே," என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வண்டி கிளம்புகிற சத்தத்தோடு சத்தமாக, மெதுவாகச் சொன்னாள்.

அதுதான் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. கிளினிக்கில் அவள் வைத்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் ஓயாத இருமல் என்றால், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் இங்கே. யாராக இருந்தாலும் சரி. போன மாதம் தையல்காரர் ஒருவர் கெஞ்சியும் மசியாமல் திருப்பி அனுப்பினாள். அண்ணனுக்கு மட்டும் அந்த மூன்று வாரம் நான்காகி, நான்கு ஐந்தாகி, இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஏழில் வந்து நிற்கிறது. நாடி பிடிக்கும்போதே விரல் சொல்லிவிட்டது, இது வேறு என்று. விரல் சொன்னதை வாய் சொல்ல மறுத்தது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஊசி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று குடும்பமே ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சித்தப்பாதான் ஆரம்பித்தார். "ஊசி விக்கப் போறியா, ஊசி குத்தப் போறியா? முதல்ல அதைத் தெளிவா சொல்லு." கூடம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து சித்தப்பாவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, "முதல் ஊசி எனக்குக் குத்தட்டும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு மாத்திரை வாங்கி அவள் பார்த்ததில்லை. தலைவலி என்றாலும் இங்கே, கால் சுளுக்கு என்றாலும் இங்கே. ஒரு தடவை ஷட்டர் விழுந்து நகம் பெயர்ந்தபோதுகூட முதலில் இங்கேதான் வந்தான், ரத்தம் சொட்டச் சொட்ட. அப்படிப்பட்டவனிடம், என் கையால் ஆகவில்லை, வேறு இடத்துக்குப் போ என்று எப்படிச் சொல்வது? அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குள்ளேயே முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இருமல் தன் கட்டிலில் இருக்கும்வரை அது வெறும் இருமல். அங்கே போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

ஊசிகள் இருபது நிமிஷம் நிற்க வேண்டும். அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிடலாம். கட்டிலில் ஊசியோடு படுத்திருக்கிறவன் எழுந்து ஓட முடியாது.

"அண்ணா, இந்த இருமல் இருக்கே…"

"போன வாரத்துக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்ல," என்றான் அவன் முந்திக்கொண்டு. "பாதி குறைஞ்சிடுச்சு. உன் கை அப்படி."

பாதியும் குறையவில்லை, கால்வாசியும் குறையவில்லை. அவன் பேசிக்கொண்டே போனான். ஸ்கூல் வாத்தியார் ஒருவர் வந்தாராம், ஒரு சாவிக்கு மூன்று தும்மல் என்ற கணக்கில் தும்மினாராம், நோட்டீஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறானாம், வியாழக்கிழமை வருவாராம், வந்தால் பார்த்துச் செய்ய வேண்டுமாம். எதிர்வீட்டு அம்மா அவள் கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டுக் குழாயடியில் பாட்டே பாடுகிறாளாம். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தினான். யோசிக்கிற ஆள்போல நிறுத்தினான். அண்ணன் பேச்சில் யோசிக்கிற பழக்கமே கிடையாது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

நேரம் முடிந்து மணி அடித்தது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, சட்டையை மாட்டி, நாடா இல்லாத அந்தப் பழைய ஷூவில் காலை நுழைத்தான். வாசல்வரை கூடவே போனாள். கதவுக்கு அடியில் நுழைந்திருந்த இலைகளை அவன் காலால் ஒதுக்கினான்.

"வெளியில காத்து. கழுத்தை மூடிக்கோ," என்றாள்.

வாயில் வந்தது அதுதான்.

திரும்பி வந்து தட்டை எடுத்தாள். இதுவும் கிளினிக்கின் சட்டம். எத்தனை ஊசி ஏற்றினோம் என்று ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் ஒட்ட வேண்டும். எடுத்ததும் தட்டில் எண்ண வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் ஊசிகள் குப்பிக்குள் போகும், ஆளும் கட்டிலை விட்டு இறங்கலாம். உச்சந்தலை ஊசிதான் முடிக்குள் ஒளிந்துகொண்டு ஏமாற்றும் என்று பழகுகிற காலத்தில் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை. அண்ணனுக்கு மட்டும் அவள் காகிதம் எழுதுவது கிடையாது. சொந்த அண்ணனுக்குப் போய்க் காகிதமா?

தட்டில் ஒன்பது இருந்தன. மறுபடி எண்ணினாள். ஒன்பது. பிரித்துப் போட்ட ஊசி உறைகளை எண்ணினாள். பத்து.

அப்படியே வெளியே ஓடினாள். மாடிப்படியில் பாய்களைச் சுருட்டி அணைத்துக்கொண்டு இறங்கிய யோகா டீச்சர், என்ன ஏது என்று கேட்டு வழிமறித்தாள். "அண்ணன் தலையில ஊசி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளைத் தாண்டினாள். டீச்சர் பின்னாலேயே குரல் கொடுத்தாள். அண்ணன் இப்போதெல்லாம் கடைசி வரிசைக்குப் போய்விட்டார், எல்லாரும் மூச்சை நிறுத்தும்போது அவர் உதட்டை மட்டும் மூடிக்கொள்கிறார், அதையும் கேள் என்றாள். அது காதில் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

மேட்டுத் தெருவில் பாதி தூரத்துக்கு இலை. பெருக்கி ஓரமாகக் குவித்ததையெல்லாம் காற்று மறுபடி நடுத்தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. அண்ணன் முப்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். சுருட்டை முடிக்கு மேலே ஊசியின் கைப்பிடி வெயிலில் பளிச்சென்று மின்னியது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்த ஒரு பெண் அவன் தலையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி தலையைப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று வேகமாகக் கடந்துபோனாள். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கூப்பிட வாயெடுத்தாள்.

அப்போது அவன் நின்றான்.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தான். காணாமல் போன பூனையைப் பற்றிய அறிவிப்பு. ஒரு மாதமாக அங்கே இருக்கிறது. மழையில் பூனையின் முகமே கரைந்துபோயிருந்தது. அதை அவன் பரீட்சைக்குப் படிப்பதுபோல, கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் படித்தான். தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு நடந்தான்.

அவள் கூப்பிடவில்லை. ஏனென்று தெரியாமலே நடையைக் குறைத்தாள்.

அடுத்து நீலக் கதவு வீட்டின் இரும்புக் கேட். அங்கே குனிந்து பூட்டைப் பார்த்தான். பூட்டுக்காரன் பூட்டைப் பார்ப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? தொட்டுப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். முதுகு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலாகத் தெரிந்தது. பத்து ஏறி இறங்கலுக்குப் பிறகு கேட்டை விட்டான். அந்த வீட்டுக்குள் இருந்து யாரோ எட்டிப் பார்த்திருக்க வேண்டும், கையை உயர்த்தி ஒரு சலாம் வைத்தான். சலாம் அமர்க்களமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாக, பாதிக்கு மேல் ஏறியதும், ஒரு சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கட்டினான்.

அந்த ஷூவுக்கு நாடா கிடையாது.

அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் இரண்டு கை விரல்களையும் ஷூவின் மேல் வைத்து, இல்லாத நாடாவை இழுத்து, முடிச்சுப் போட்டு, இறுக்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. இந்தத் தெருவில் அவனைத் தெரியாத கதவு கிடையாது. அத்தனை கதவுக்கும் முன்னால் தினமும் இந்த நாடகத்தை நடத்தித்தான் அவன் கடைக்கு ஏறுகிறான்.

"அண்ணா."

அவன் திடுக்கிடவில்லை. திடுக்கிடுவதற்கும் மூச்சு வேண்டுமே. சுவரைப் பிடித்து எழுந்தான்.

"என்ன பாப்பா, ஆள் காத்திட்டிருக்கிற நேரத்துல?"

"அசையாதே. தலையில ஊசி இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கம்பத்துக்கிட்டயே கைல தட்டுப்பட்டுச்சு."

"தெரிஞ்சும் திரும்பி வராம எதுக்கு இதோடயே போறே?"

அவன் தெருவின் சரிவைப் பார்த்தான், அடிவாரத்தில் கிளினிக்கின் போர்டு தெரிகிற இடம்வரை.

"வந்தா மறுபடியும் ஏறணும்ல," என்றான்.

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. சட்டென்று ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். கூடக் கொஞ்ச நேரம் தலையில் இருந்தால் கூடக் கொஞ்சம் வேலை செய்யுமே என்றுதான் விட்டுவைத்ததாகச் சொன்னான். அவள் அவன் தலையைக் குனியவைத்து ஊசியை உருவினாள். கையில் பஞ்சு இல்லை. கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு துளி ரத்தம்கூட இல்லை, அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. நடுத்தெருவில் தலையைக் குனிந்துகொண்டு அண்ணன் நின்றான், ஆசீர்வாதம் வாங்குகிறவன்போல.

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள் அவன் தலையைப் பார்த்து. முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது.

"உன் அண்ணி சொல்லிக் கொடுத்தாளா?"

"நான் சொல்றேன்."

அவன் நிமிர்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கண்ணில் இருந்தது பயம், அதுவும் அவனைப் பற்றியது இல்லை.

"ஊரெல்லாம் உன் கைராசியைச் சொல்லி வச்சிருக்கேன் பாப்பா. நானே அங்க போய் வரிசையில உக்காந்தா எப்படி? 'சொந்த அண்ணனுக்கே கேக்கல'ன்னு ஒருத்தன் வாயிலருந்து வந்தா போதும், உன் வாசல்ல யாரு ஏறுவா? கடையில ஆள் வந்தாக்கூட நான் இருமலை வாய்க்குள்ளயே வச்சு முழுங்கிட்டிருக்கேன்."

இத்தனை நாளாக இவனுக்கு வலிக்கக் கூடாது என்று அவள் சொல்லாமல் இருந்தாள். அவளுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று இவன் இருமாமல் இருந்தான். நடுவில் ஏழு வாரம் போயிருந்தது.

"வேற யாராவது இப்படி வந்திருந்தா நாலாவது வாரமே துரத்தி விட்டிருப்பேன்," என்றாள். "உன்னை அனுப்பல. நீ என் அண்ணன்கிறதால அனுப்பல. அதுதான் நான் செஞ்ச தப்பு. ஊசியை மறந்தது இல்ல."

"உனக்கே நம்பிக்கை போயிடுச்சா?"

"ஊசி மேலயா? இல்ல. அது செய்யுறதைச் செய்யும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு பார்க்க அதுக்குக் கண்ணு கிடையாதுண்ணா."

ஒரு இலை வந்து அவன் தோளில் உட்கார்ந்தது. அதை எடுத்து, காம்பைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"அவரு போன மாசம் சாவியை வீட்டுக்குள்ள வச்சே கதவைச் சாத்திக்கிட்டப்ப யாரைக் கூப்பிட்டாரு?"

"என்னைத்தான். அதுவும் லுங்கியோட நின்னாரு."

"அப்ப வாயைத் திறக்க மாட்டாரு."

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இந்தத் தடவை அவன் அதை முழுங்கவில்லை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெரு கேட்க, கதவுகள் கேட்க, அடிவயிற்றிலிருந்து இருமினான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ பழைய கதவு திறப்பதுபோல ஒரு கரகரப்பு ஓடியது.

அவள் போன் செய்ததும் அண்ணியின் வேன் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாக வந்த வண்டி. அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை விடவில்லை. கதவைத் திறந்துவிட்டாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அண்ணன் ஆறு வயசுப் பிள்ளைக்கான சீட்டில் முழங்கால் இரண்டும் தாடையை இடிக்க உட்கார்ந்தான். எதிர்ச் சீட்டில் அவள் அதேபோல உட்கார்ந்தாள். "பெல்ட் போட்டாத்தான் வண்டி நகரும்," என்றாள் அண்ணி கண்ணாடியில் பார்த்து. பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள், கடைசி வார்த்தை கொஞ்சம் உடைந்தது. அண்ணன் சத்தமில்லாமல் பெல்ட்டைப் போட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அண்ணி அடுத்த நடைக்குப் போனாள். மூன்றரைக்குத் திரும்பி வருவேன் என்று அவளிடம் இரண்டு தடவையும், அவனிடம் ஒரு தடவையும் சொன்னாள்.

டாக்டர் சின்னப் பெண். எழுதிக்கொண்டே கேட்டாள். எத்தனை நாளாக இருமல் என்றதற்கு அண்ணன் இரண்டு வாரம் என்றான், தங்கை ஏழு என்றாள். டாக்டர் ஏழு என்று எழுதினாள். மேடு ஏறினால் மூச்சு வாங்குமா என்றதற்கு, அப்படி ஒன்றும் இல்லை என்றான் அவன். மூன்று இடத்தில் நிற்கிறான் என்றாள் இவள். அண்ணன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். கம்பத்திலிருந்தே பின்னால் வந்து பார்த்திருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"என்ன வேலை பார்க்குறீங்க?"

"பூட்டு, சாவி."

"சாவி வெட்டுற மெஷின் இருக்கா? தூள் பறக்குமா?"

"பறக்கும். பித்தளைத் தூள், இரும்புத் தூள், எல்லாம்தான்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரெண்டு."

"முகத்துக்கு ஏதாவது கட்டிப்பீங்களா?"

"மூக்கையும் வாயையும் மூடிட்டா வந்தவங்ககிட்ட எப்படிப் பேசுறது?" என்றான் அண்ணன், நியாயமான கேள்விபோல.

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு கோப்பு போடுவாள். தூக்கம், தாகம், வியர்வை, நாக்கின் நிறம், கனவு வருமா என்பதுவரை எழுதுவாள். முதல் பக்கத்தில் முதல் கேள்வியே என்ன தொழில், எங்கே உட்கார்ந்து வேலை, என்ன காற்று என்பதுதான். அண்ணனுக்குக் கோப்பே கிடையாது. அவன் கடையில்தான் அவள் வளர்ந்தாள், படித்தாள். அந்தத் தூளை அவன் சட்டையிலிருந்து எத்தனையோ தடவை தட்டிவிட்டிருக்கிறாள். தெரிந்ததையெல்லாம் யார் போய்க் கேட்பார்கள்?

வேறு ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூச்சு இருந்த அளவுக்கு நெஞ்சை முன்னால் தள்ளினான். தன் தங்கை இந்த ஊரிலேயே முதல் தரமான அக்குபங்சர்காரி என்றும், ஊசி, யோகா, மூலிகை மூன்றும் ஒரே இடத்தில் என்றும் ஆரம்பித்தான். விட்டால் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸ் எடுத்து டாக்டருக்கே கொடுத்திருப்பான். அவள் ஒரு கிண்டலுக்குத் தயாராகித் தோளைச் சுருக்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குப் பழக்கமான சுருக்கல்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "என்னென்ன கொடுத்தீங்கன்னு எழுதிக் கொடுக்கிறீங்களா?"

காகிதத்தை வாங்கி எழுதினாள். எந்தெந்த இடத்தில் ஊசி, எத்தனை தடவை, கஷாயத்தில் எது எவ்வளவு. டாக்டர் அதை முழுசாகப் படித்துவிட்டு, பரிசோதனையெல்லாம் முடியும்வரை அதிமதுரத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னாள். பிறகு காகிதத்தை அண்ணனின் புதுக் கோப்புக்குள் வைத்தாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. முதலில் எக்ஸ்ரே, அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றாள்.

எக்ஸ்ரே அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. சட்டையைக் கழற்ற வேண்டும், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார் வாசலில் நின்ற ஊழியர். அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். அது கடைக் கொத்து என்றான். பேன்ட்டின் வலது பையிலிருந்து இன்னொரு கொத்து, வாடிக்கைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. இடது பையிலிருந்து பல் வெட்டாத வெறும் சாவிகள் ஒரு பிடி. பின்பையிலிருந்து யாரோ ஒருவரின் பெட்டிச் சாவி. சட்டைப் பையிலிருந்து இரண்டு, எதற்கென்று அவனுக்கே மறந்துபோனவை. ஊழியர் இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார். "அவ்வளவுதானா, இல்ல வாய்க்குள்ளயும் ஏதாவது இருக்கா?" என்றார். அண்ணன் வாயைத் திறந்து காட்டினான்.

சட்டை இல்லாமல் அவன் சின்னதாகத் தெரிந்தான். கழுத்தெலும்பு இரண்டும் மேலே வந்திருந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற உடம்புதான். உள்ளே போகிறவன் நின்று திரும்பினான்.

"வியாழக்கிழமை அந்த வாத்தியார் வருவாரு. மறந்துடாதே."

"மறக்க மாட்டேன். போ."

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள், மடியில் ஊரின் பாதிக் கதவுகள். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் சாவிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிணுகிணுத்தன. தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையால் பொத்திப் பார்த்தாள். அடங்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"நெஞ்சைப் பலகையில ஒட்டி நில்லுங்க. இன்னும் கொஞ்சம். தாடையை மேல தூக்குங்க. இப்ப மூச்சை நல்லா உள்ள இழுத்து… அப்படியே பிடிங்க."

அவள் மடியில் இருந்த சாவிகள் அத்தனையும் சத்தமில்லாமல் கிடந்தன.